மரை நசுங்காமல் பிடிக்க அப்பா தேடிய வழி

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. காலைத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து மன்றாடிவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் வணக்கம் சொல்கிறேன். அப்பாவின் நற்குணங்களை வரிசையாக எழுதினால் அவரே பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருக்குக் கேள்விகள்தான் பிடிக்கும். எங்கள் வீட்டில் எந்நேரமும் அவருடைய கேள்வி ஒன்று உலவிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றுக்கு விடை கிடைத்த விதத்தை இங்கே எழுதுகிறேன். நேரில் பார்த்ததையும், அப்பாவும் மாமாவும் சொல்லக் கேட்டதையும் மட்டும் எழுதியிருக்கிறேன்.

வையம்பட்டிக்கு அருகே மானாவாரிக் கடலையும் சோளமும் விளையும் ஒரு சிற்றூரில் அப்பா பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர். பள்ளியில் படிக்கும்போதே வயலில் இருந்த கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறார். மறுபடி பூட்டியபோது ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. மோட்டார் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. தாத்தா திட்டியது அப்பாவுக்குப் பெரிதாகப் படவில்லையாம். அந்த வாஷர் இல்லாமலே ஓடும் என்றால் அதை ஏன் வைத்தார்கள் என்பதுதான் உறுத்தியதாம். எங்கள் அத்தை இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அப்பா, "இன்னும் தெரியலக்கா" என்பார்.

மழை இல்லாத இரண்டு வருடங்கள் அந்தக் குடும்பத்தை ஆட்டிவிட்டன. அப்பா மேற்கொண்டு படிக்க ஆசைப்பட்டார், முடியவில்லை. பொன்மலையில் ரயில்வே வேலை கிடைத்தது. இயந்திரங்களோடு இருக்கலாம் என்று சந்தோஷமாக வந்தவரைப் பண்டகசாலையில் உட்கார வைத்தார்கள். ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால், முப்பத்து நான்கு வருடங்கள். சீட்டு வரும். அதிலுள்ள எண்ணைப் பார்த்து நட்டோ போல்ட்டோ துளைக்கருவியோ எடுத்துக் கொடுப்பார். ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களின் எண்கள் அவருக்கு மனப்பாடம். அவை எங்கே போய் என்ன செய்கின்றன என்பது தெரியாது. வாங்க வந்தவர்களிடம் கேட்பார். பின்னால் வரிசை நிற்கும் என்பதால் யாரும் முழுதாகப் பதில் சொன்னதில்லை.

அப்படிச் சீட்டோடு வந்து ஜன்னலில் நின்ற, லேத் ஓட்டும் டர்னர் ஒருவர்தான் பிறகு எங்கள் தாய்மாமன் ஆனார். தன் தங்கையை அப்பாவுக்குக் கொடுத்தார். அம்மா பொன்மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைத்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்ததில் அம்மாவுக்குப் பாதிப் பங்கு உண்டு. அப்பா கேட்பார், அம்மா பதில் சொல்வார். சரியான பதிலோ இல்லையோ, உடனே சொல்வார். "அதெல்லாம் அப்படித்தாங்க" என்று ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை.

ஓய்வு பெற்ற அதே மாதத்தில் அப்பா ஒரு சிறிய மரக் கடைசல் லேத்தை வாங்கிவந்து பின்புறத் தகரக் கொட்டகையில் வைத்தார். மாமா நாற்பது வருடம் லேத்தில் நின்றவர். பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாப்ள, இந்த வயசுல இதெல்லாம் ஏன்? ஜன்னல்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்கறதும் இதுவும் ஒண்ணா? ஒரு விரல் போச்சுன்னா என்ன செய்வீங்க?"

அப்பாவுக்கு அந்த 'ஜன்னல்' என்ற சொல் தைத்துவிட்டது. "மச்சான், இந்த மெஷினைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். பாத்துக்கங்க" என்றார். சொன்னபடியே இருந்தார். மாமா ஞாயிறுதோறும் வருவார். காபி குடிப்பார்கள், கிரிக்கெட் பேசுவார்கள். கொட்டகைப் பக்கம் இருவருமே திரும்ப மாட்டார்கள். மூன்று வருடம் இப்படி ஓடியது. அப்பா தானாகவே பம்பரம், பூரிக் கட்டை, மத்து என்று கடையப் பழகினார். அவருடைய பூரிக் கட்டை இல்லாத வீடு எங்கள் சொந்தத்தில் அநேகமாக இல்லை.

அதன் பிறகுதான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. உயிர் பிழைத்தது ஆண்டவர் கிருபை. வலது கையும் வலது காலும் பலமிழந்தன. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது அவருக்கு முழுதாகப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. "ஆமா", "அது" என்ற இரண்டைத் தவிர எதுவும் வராது. எங்களை வியக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஜெபமாலை தொடங்கினால் அம்மா எங்களோடு சேர்ந்து ஒரு சொல் பிசகாமல் சொல்வார். முடிந்ததும் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் தவிப்பார்.

அப்பாவால் இதைத் தாங்கவும் முடியவில்லை, யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் மேடத்திடம் கேட்டார். "ஜெபத்துல அத்தனை வார்த்தை வருதே மேடம், தண்ணிங்கிற ஒரு வார்த்தை எங்க போய் ஒளிஞ்சுக்குது?"

"மனப்பாடமா வர்றது வேற வழியில வருது சார். தானா யோசிச்சுச் சொல்றதுக்கு வேற வழி. அந்த வழியிலதான் அடைப்பு. நீங்க நிறையப் பேசுங்க. கேள்வி கேளுங்க. பதிலுக்குக் காத்திருங்க. அவசரப்பட்டு நீங்களே சொல்லிடாதீங்க."

அப்பா வீட்டுக்கு வந்து ஸ்பூனைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். சீப்பைக் காட்டிக் கேட்டார். அம்மா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஸ்பூனை வாங்கி விட்டெறிந்தார். தெரிந்ததையே குழந்தையிடம் கேட்பதுபோல் தன்னிடம் கேட்கிறாரே என்ற அவமானம் அது. அப்பா மறுபடி மேடத்திடம் போய் நின்றார். அந்த மேடம் சொன்ன பதிலுக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

"அப்ப, உங்களுக்கே நிஜமா பதில் தெரியாததைக் கேளுங்க சார்."

அப்போது அப்பாவுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று கையிலேயே இருந்தது.

அம்மாவுக்கு நடைப் பயிற்சிக்காக அலுமினியக் கைத்தடி ஒன்று வாங்கியிருந்தோம். வலது கைக்குப் பலம் இல்லாததால் இடது கையில்தான் ஊன்ற வேண்டும். அம்மாவின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் சிறு வயதில் கதவில் நசுங்கி, மடங்காமலே போனவை. மெல்லிய பிளாஸ்டிக் கைப்பிடியை மீதி விரல்களால் பிடிக்கும்போது வியர்வையில் வழுக்கியது. ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் ஏறிவிட்டது. அதன் பிறகு தடியைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடக்காவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

உள்ளங்கை முழுவதும் பதியும்படி, கொய்யாப்பழ அளவில் ஓர் உருண்டைப் பிடி வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். திருவெள்ளறையில் நண்பர் ஒருவரின் வயலோரம் சாய்ந்த பூவரச மரத்திலிருந்து ஒரு கட்டை கிடைத்தது. அழகாக உருண்டை கடைந்தார். அதன் அடியில் துளை போட்டு, விரல் பருமனுள்ள பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகினார். அந்தக் குழாயின் மறுமுனையில் வெளிப்பக்கம் திருகு வரிகளாக மரை உண்டு. அதைத் தடியின் தலையில் திருகிப் பூட்டிவிடலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் துளை ஒரு நூலளவு கோணலாகிவிட்டது. பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அம்மா கையை வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், எடுத்துவிட்டார்.

கோணல் வராமல் இருக்க வழி ஒன்றுதான். முதலில் குழாயை மரக்கட்டைக்குள் ஒட்டிவிட வேண்டும். பிறகு குழாயையே லேத்தில் பிடித்துச் சுழலவிட்டு, மேலே உள்ள கட்டையைக் கடைய வேண்டும். அப்போது குழாயின் நடுவும் பிடியின் நடுவும் தானாக ஒன்றாகிவிடும். இங்கேதான் சிக்கல். லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பாகத்தில் இரும்புத் தாடைகள் இருக்கும். குழாயில் அவை கவ்வ வேண்டிய இடத்தில் மரை இருக்கிறது. இறுக்கினால் மரை நசுங்குகிறது. நசுங்கிய மரை தடியில் ஏறாது. நசுங்காத அளவுக்கு லேசாகப் பிடித்தால், உளி பட்டதும் குழாய் நழுவுகிறது.

துணி சுற்றிப் பார்த்தார். சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிப் பார்த்தார். டியூப் சுற்றிய அன்று, கட்டையோடு குழாய் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் புருவத்தில் அடித்தது. மூன்று தையல். மாமாவிடம் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றார். மாமா அந்தத் தையலை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் நான் கடைக்குப் போய் முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசம் வாங்கிக் கொடுத்தேன். "இதைப் போடாம சுவிட்சைத் தொட்டீங்க, நானே மாமாகிட்டச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினேன். அதற்குப் பின் அவர் கவசமின்றி லேத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

மாமாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். அது அப்பாவுக்கும் தெரியும். கேட்க மாட்டேன் என்று சொன்ன வாயைத் திறக்க முடியவில்லை. ஆகவே மற்ற எல்லோரிடமும் கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடக் கேட்டார். கடைசியில் அம்மாவிடம் கேட்கத் தொடங்கினார்.

தினமும் காலை பத்து மணிக்கு அம்மாவின் நாற்காலியைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போடுவார். லேத்தை ஓட்ட மாட்டார். குழாயை அம்மாவின் கையில் கொடுத்து, தனக்கு எங்கே தடுக்கிறது என்று சொல்வார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார். மேடம் சொன்னபடி, நிஜமாகவே காத்திருப்பார். அம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், வராது. இப்படிப் பதினைந்து நாட்கள் போயின.

அடுத்து வந்த சனிக்கிழமை நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. இட்லி எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் கொட்டகை வாசலில் நிற்கும்போது அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா. இந்த முனையில மரை இருக்கு. இறுக்கினா நசுங்குது. விட்டா சுத்துது. அப்ப இதை எங்கதான் புடிக்கிறது?"

அம்மாவின் உதடு அசைந்தது. "மூ..." என்றார். நான் அசையாமல் நின்றேன். "மூ... மூடி."

அப்பா சட்டென்று எழுந்து கொட்டகைக் கதவை மூடினார். என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் மூடினார். அம்மா பலமாகத் தலையாட்டினார். "காத்து வரலையோ" என்று கதவைத் திறந்துவிட்டு ஜன்னலை மூடினார். அம்மா நாற்காலிக் கையை இடது கையால் ஓங்கித் தட்டினார். "மூடி!" என்றார் மறுபடியும். அப்பா பதற்றத்தில் வார்னிஷ் டப்பாவை மூடினார். அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். "அம்மா, நீங்க காட்டுங்க."

நாற்காலிக்குக் கீழே அம்மாவின் தண்ணீர் பாட்டில் இருந்தது. திருகு மூடி போட்ட எவர்சில்வர் பாட்டில். அம்மா அதைக் கையால் காட்டினார். எடுத்து மடியில் வைத்தேன். தாகம் என்றுதான் நானும் நினைத்தேன். திறக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். பிறகு மடங்கும் மூன்று விரல்களால் மூடியை மட்டும் பிடித்து, பாட்டிலை மேலே தூக்கினார். தண்ணீர் நிறைந்த பாட்டில் மூடியிலிருந்து தொங்கியது. அதை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மூடி" என்றார் மூன்றாவது முறையாக, மெதுவாக, கோபமில்லாமல்.

அப்பா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயைப் பார்த்தார். "மூடியப் புடிச்சா பாட்டில் நிக்குது" என்றார். "பாட்டில் கழுத்துலயும் மரைதான். அதை யாரும் தொடல. மரை மேல ஒரு நட்டை ஏத்திட்டு, நட்டைப் புடிக்கணும். அதானே? அதைத்தானே சொல்ற?"

"ஆமா" என்றார் அம்மா.

பக்கவாதம் வந்த பிறகு, கேட்ட கேள்விக்கு அம்மா தானாக யோசித்துச் சொன்ன முதல் பதில் அந்த 'மூடி'தான். எனக்கு அழுகை வந்தது. அப்பா அழவில்லை. செருப்புகூடப் போடாமல் கடைவீதிக்கு ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து அம்மா சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

கடைவீதியில் குழாய்ச் சாமான் விற்கும் காஜா பாய் அப்பாவுக்குப் பழக்கம். அப்பா வெறுங்காலோடு மூச்சிரைக்க வந்து நின்றதும் அவர் பயந்துபோனாராம். "என்ன சார், வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டதற்கு அப்பா, "என் வீட்டம்மா பேசிட்டாங்க பாய். இந்த மரைக்கு ஒரு நட்டு குடுங்க" என்றாராம். பாய் ஒன்றும் புரியாமலே, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, தடித்த பித்தளை நட்டுகளாகப் பத்துப் பதினைந்து திருகிப் பார்த்து, சரியாகப் பொருந்தியதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அன்று மாலையே அப்பா நட்டைக் குழாயில் ஏற்றி, நட்டைச் சக்கில் பிடித்து, மறுமுனைக் கட்டைக்குப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்து, கடைந்து பார்த்தார். குழாய் நழுவவில்லை. மரை நசுங்கவில்லை. கட்டை ஆடாமல் சுழன்று உருண்டையானது. ஆனால் முடித்துவிட்டுக் கழற்றப் போனால் நட்டு வரவில்லை. உளி அழுத்த அழுத்த, சுழற்சியிலேயே குழாய் நட்டுக்குள் இன்னும் இன்னும் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டார், சுடவைத்தார், ஸ்பேனரால் திருகினார். அசையவில்லை. வேகமாகத் திருகியதில் ஒட்டிய மரம்தான் விண்டது.

பிரச்சினையில் பாதிதான் தீர்ந்திருந்தது. மீதிப் பாதிக்கு அப்பா இரண்டு நாள் முட்டி மோதினார். மூன்றாம் நாள் அந்த நட்டையும் குழாயையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்குச் சைக்கிளில் போனார். அங்கே நடந்ததை மாமா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்பா பையை மேஜையில் வைத்துவிட்டு, "மச்சான், கேக்க மாட்டேன்னு சொன்னேன். இப்ப கேக்கறேன்" என்றாராம்.

மாமா சாமானை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "புருவத்துல அடிச்ச அலமாரி இதுதானா?"

"இதுக்கு முந்தினது."

"நட்டுல ஒரு பக்கம் ரம்பத்தால கீறி விட்டுட்டா முடிஞ்சுது மாப்ள. தாடை இறுக்கும்போது அந்தக் கீறல் மூடி, நட்டு மரையைச் சுத்தி அணைச்சுக்கும். தளர்த்தினா விரிஞ்சு விட்டுடும். குழாய்க்குள்ள ஒரு மரக்குச்சியை அடைச்சுடுங்க, சப்பையாப் போகாது. இதைத்தான் நான் நாப்பது வருஷம் செஞ்சேன். அன்னைக்கே கேட்டிருந்தா இத்தனை பாடு உண்டா? உங்களுக்கென்ன மரை கழண்டு போச்சா?"

அப்பா அதற்குச் சொன்ன பதிலை மாமா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். "அன்னைக்கே உங்ககிட்டக் கேட்டிருந்தா, உங்க தங்கச்சி வாயைத் தொறந்திருக்க மாட்டாளே மச்சான்."

நட்டு யோசனை யாருடையது என்று அப்போதுதான் மாமாவுக்குத் தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவின் சைக்கிள் பின்னாலேயே வந்துவிட்டார். வந்தவர் நேரே கொட்டகைக்குள் நுழைந்தார். மூன்று வருடத்துக்கும் மேலாகி, அதுதான் முதல் முறை. இருவரும் புது நட்டைக் கீறினார்கள். புதுக் கட்டையில் குழாயை ஒட்டிக் காய விட்டார்கள். மறுநாள் கடைந்தார்கள். மாமா உளியைத் தொடவில்லை, பக்கத்தில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் மாறுது, கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிடி முடிந்ததும் தாடையைத் தளர்த்தினார்கள். நட்டு விரலால் திருகும்போதே கழன்று வந்தது. மரை புதுசுபோலவே இருந்தது.

அம்மா அந்தப் பிடியைக் கையில் வாங்கினார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எழுந்து நின்றார். கொட்டகையிலிருந்து கொல்லைக் குழாயடிவரை போய்த் திரும்பினார். யாரும் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு கோயில் திருவிழாவில் தேர் எங்கள் தெரு முனைக்கு வந்தபோது, அம்மா முனைவரை தானே நடந்து போய் நின்றார். பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வந்துவிடவில்லை. "உளி", "தூசி", "போதும்", "காபி" என்று கொட்டகை வார்த்தைகள்தான் முதலில் வந்தன. உப்புத்தாள் தேய்ப்பது அம்மாவின் வேலையாயிற்று. லேத் மெதுவாகச் சுழல, இடது கையால் தாளைப் பிடித்து வழவழப்பாக்குவார். அப்பா தேய்த்ததை அம்மா ஏற்றுக்கொண்டதே இல்லை.

பயிற்சிக்குப் போகும் இடத்தில் அம்மாவின் தடியைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். முதலில் கேட்டவர் திருவரங்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற சம்ஸ்கிருத ஆசிரியர். இடது கால் இழுத்துக்கொண்ட நிலையில் இருந்தார்.

"அடியேனுக்கும் இதுபோல ஒண்ணு பண்ணித் தருவேளா? கோயில்ல ஒரே ஒரு பிரதக்ஷிணம் வரணும். அவ்வளவுதான் ஆசை."

"உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க சார்" என்றார் அப்பா. சின்னப் பையனைப்போல அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் எங்கே விழுகிறது, அழுத்தம் எங்கே போகிறது என்று அவர் உள்ளங்கையிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு வடிவம் வேண்டும் என்பது அப்பாவுக்கு அடுத்த கேள்வியைக் கொடுத்தது. உருண்டை, முட்டை, கத்தரிக்காய் என்று வடிவங்கள் பெருகின. பதினோரு பேருக்குப் பிடி செய்து கொடுத்தார். கொடுத்த பின் ஒரு மாதம் கழித்துப் போய், எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். தேய்ந்த இடம் பார்த்து மறுபடி கடைவார்.

திருவரங்கத்து ஆசிரியர் பிரதக்ஷிணம் வந்த அன்று அப்பாவையும் அம்மாவையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். அப்பா ஒன்றை மட்டும்தான் கேட்டாராம். "படி இறங்கும்போது புடி எப்படி இருந்துச்சு?"

போன வருடம் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலவீனம் என்றார்கள். மருத்துவமனையில் பத்து நாட்கள். ஆக்ஸிஜன் குழாயைச் சுவரில் மாட்ட வந்த சிஸ்டரிடம், "இது ஒரே தள்ளுல மாட்டிக்குதே, மரையே இல்லாம எப்படிம்மா கவ்வுது?" என்று கேட்டார். அந்த சிஸ்டர் பொறுமையாகக் கழற்றிக் காட்டினார். அப்பா தலையை ஆட்டி, "நல்லா யோசிச்சிருக்கான்" என்றார். அம்மா அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். பத்தாம் நாள் காலை, நோயில்பூசுதல் என்ற அருட்சாதனத்தைப் பெற்று, எங்கள் அனைவரின் முன்னிலையில் அப்பா அமைதியாகக் கண்மூடினார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாள், லேத்தை என்ன செய்வது என்று நானும் தம்பியும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தோம். அம்மா தடியை ஊன்றி எழுந்து கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே போனோம். லேத்தில் ஒரு பிடி அப்படியே மாட்டியிருந்தது. திருவரங்கத்து ஆசிரியரின் மனைவிக்காக அப்பா கடைந்து, தேய்க்காமல் விட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு, உப்புத்தாளை எடுத்தார். என்னைப் பார்த்து "போடு" என்றார். சுவிட்சைப் போட்டேன். தேய்த்து முடித்ததும் மாமா தாடையைத் தளர்த்தி நட்டைக் கழற்றினார். அந்த வாரமே அம்மாவும் மாமாவும் நானும் திருவரங்கம் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். லேத்தை என்ன செய்வது என்ற பேச்சை அதன் பின் யாரும் எடுக்கவில்லை. இப்போது மாமா கடைகிறார், அம்மா தேய்க்கிறார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பதில் தெரியாததைக் கேளுங்கள் என்று சொன்ன பேச்சுப் பயிற்சி மேடத்துக்கும், காரணம் புரியாமலே எங்களோடு சந்தோஷப்பட்ட காஜா பாய்க்கும், ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிக் காட்டிய சிஸ்டருக்கும், பங்குத்தந்தைக்கும், கடைசிப் பத்து நாளும் முறை வைத்து உணவு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், வையம்பட்டி அத்தைக்கும், எங்களுக்கு இன்று தகப்பன் இடத்தில் நிற்கும் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இந்த மலரில் தானும் எழுத வேண்டும் என்று அம்மா விரும்பினார். நான் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நானாக எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன். அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து, ஓரிடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னார். சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

"அவரு கேட்டாரு. நான் சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தாரு."